எலும்பு சூப்புக்கு உப்பு

ஆம்பூர் பிரியாணிக் கடையில் கறி எடுத்தபின் மிஞ்சுகிற மாட்டெலும்பைப் பத்து நாளாக வேதவல்லி வாங்கிப்போகிறாள். கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது விழுந்து கால் உடைந்த மருமகள் ஹெலனுக்கு சூப் வைக்கத்தான். அன்று கடைக்காரர் இஷ்தியாக் அகமதுவுக்கும் தூக்கில் கொஞ்சம் கொண்டுவந்தாள்.

முப்பது வருஷமாகப் பிரியாணி போடுகிற மனுஷன், கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தார்.

"இன்னாம்மா பண்றே இதுல?"

"மொதத் தண்ணிய கொட்டிடுவேன் பாய். அப்புறம் இஞ்சி, மிளகு போட்டு நாலு மணி நேரம் சின்னத் தீயில வெச்சு, நுரைய எடுத்துட்டே இருப்பேன்."

"அதெல்லாம் நானும்தான் பண்றேன். உப்பு இவ்ளோ கரெக்ட்டா எனக்கு வராது. இந்தா, நீயும் ஒரு டம்ளர் குடி."

வேதவல்லி சட்டென்று ஓரடி பின்வாங்கினாள்.

"நான் சைவம் பாய். முட்டை கூட வாயில வெச்சதில்ல."

இஷ்தியாக் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப உப்பு எப்படிப் பாக்கறே?"

"கேட்டா ஹெலன் தெனமும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவா. அதான், மொத வாய் குடிக்கறப்ப அவ மூஞ்சியப் பாப்பேன். மறுநாள் உப்பக் கூட்டுவேன், கொறைப்பேன். நேத்துதான் பாய், ரெண்டாவது டம்ளர் கேட்டா."