கத்தினால் நிறுத்துவார்கள்

வேப்பங்கொத்து அவள் காதுக்குப் பக்கத்தில் தரையில் விழுந்தது.

அவள் கத்தவில்லை.

கத்த வேண்டும். நாடகத்தில் அவள் பேய் பிடித்த பெண். சேரலாதன் பூசாரி. அவன் கொத்தால் தரையை அடிப்பான், அவள் அலறுவாள், ஓரத்தில் நிற்கும் மதியழகி உடனே பறையை அடிப்பாள். பறை ஒலித்ததும் எல்லோரும் அப்படியே உறைந்துவிட வேண்டும். பிறகு அவள் மட்டும் எழுந்து, மைக்கை வாங்கி, பள்ளிப் பிள்ளைகளிடம் பேசுவாள். உடம்புக்கு வருவதுபோல் மனதுக்கும் நோய் வரும். அதற்கு மருத்துவர் இருக்கிறார். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கல்லூரியிலிருந்து மூன்று பேர். போன பள்ளிகளில் எல்லாம் அவள் சரியாகக் கத்தியிருக்கிறாள்.

இன்று மதியழகி நிஜக் கற்பூரம் கொளுத்திவிட்டாள். காட்சி எடுப்பாக இருக்கும் என்று.

புகை தரையோடு ஊர்ந்து, அவளை முன்பே தெரிந்ததுபோல் வந்தது.

இரண்டாவது அடி.

வாயைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

கூடத்தில் விசில்.

"அண்ணே, மெண்டலுக்கு ஒறைக்காதுண்ணே. நல்லாப் போடுங்க."

சிரிப்பு.

சேரலாதன் குனிந்து பார்த்தான். கத்த வேண்டிய இடத்தை மறந்துவிட்டாள் என்று நினைத்தான். நினைவுபடுத்த, கொத்தை அவள் தோளில் போட்டான்.

கத்தாதே.

பதினான்கு வயதில் கற்றது அது. கோயில் வாசலில், சித்தப்பா அவள் கால்களை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது. அங்கே அவள் கத்தினால் கத்துவது பேய். பேய் கத்தினால் அடி கூடும். வாயை மூடிக்கொண்டால், அடிக்கிறவருக்குக் கை வலிக்கும்போது நிறுத்துவார்.

சேரலாதனுக்கு இது தெரியாது. மதியழகிக்கும் தெரியாது. மைக்கில் அவள் எப்போதும் 'இந்த மாதிரிப் பெண்கள்' என்றுதான் சொல்வாள்; 'நான்' என்றதில்லை.

பேயை மரத்தில் இறக்க, பூசாரி அவள் உச்சிமுடியை மரத்தோடு சேர்த்து ஆணி அறைந்து பிய்ப்பதையும் நாடகத்தில் வைக்கலாம் என்று சேரலாதன் ஒருமுறை சொன்னான். எங்கோ படித்திருந்தான். வேண்டாம் என்றாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

தோள். முதுகு. மறுபடி முதுகு.

இலைகள் உதிர்ந்து குச்சி தெரிந்தது. குச்சி கழுத்தில் ஒரு கோடு இழுத்தது. கோடு ஈரமானது.

ஒவ்வொரு அடிக்கும் பையன்கள் கைதட்டத் தொடங்கினார்கள். தாளம் கூடிவிட்டது. அவன் கையும் அந்தத் தாளத்துக்குள் போய்விட்டது. இப்போது அவன் அவளைப் பார்க்கவில்லை.

"என்னமா நடிக்குதுங்க," என்றார் ஓரத்து நாற்காலியில் இருந்த விளையாட்டு ஆசிரியர்.

மதியழகி பறைக்குச்சியை ஓங்கியபடி நின்றாள். அலறல் வர வேண்டும். வந்தால்தான் அடிக்கலாம்.

வந்தது.

அவளிடமிருந்து அல்ல.

பெண்கள் வரிசையில், சுவரோரம், ஒரு மாணவி எழுந்து நின்றிருந்தாள். கண்களை இறுக மூடியிருந்தாள். மூச்சு தீரும்வரை அலறினாள்.

மதியழகியின் கை பழக்கத்தில் இறங்கியது. பறை அதிர்ந்தது.

சேரலாதன் உறைந்தான். கொத்து தலைக்கு மேலே. கைதட்டல் பாதியில் அறுந்தது.

அவள் எழுந்தாள். ஒரு கை ஊன்றி, பிறகு மறு கை. மதியழகி நீட்டிய மைக்கை வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள். உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள்.

மாணவிக்கு இரட்டைப் பின்னல். நீல ரிப்பன். உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்து அழுத்தியிருந்தாள்.

"அக்கா." பக்கத்தில் இருப்பவளுக்குக்கூடக் கேட்காத குரல். "ஒங்களுக்கும் மரத்துல வச்சு ஆணி அடிச்சாங்களாக்கா?"

"என்னடா சொல்லுது அது?" என்றான் பின்னால் ஒரு பையன்.

அவள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"ஆமாம்மா," என்றாள்.

கூடம் முழுக்கக் கேட்டது.

மைக்கை அந்த மாணவியிடம் கொடுத்தாள். கலைந்த முடியை இரண்டு கைகளாலும் விலக்கி, உச்சியில் முடி முளைக்காத அந்த இடம் தெரியும்படி தலையைத் தாழ்த்தினாள்.

மாணவியைப் பார்த்து அல்ல. கூடத்தைப் பார்த்து.

மேடையில் சேரலாதன் ஓங்கிய கையை இன்னும் இறக்கவில்லை.

மாணவியின் ஒரு கை உச்சந்தலையில் இருந்தது. மறு கையில் மைக்.

ஒலிபெருக்கியில் அவள் மூச்சு கேட்டது.