ஆஜராகாதவன்

பழைய பிரெஞ்சுத் தீர்ப்புகளை மாயவரம் கோர்ட்டுக்காக இங்கிலீஷில் பெயர்த்துத் தருவது சவரிராயனின் வேலை. எதையும் உரக்கப் படித்த பிறகுதான் டைப் அடிப்பார். அன்று வந்தது காரைக்கால் எல்லையோர நிலத்தைப் பற்றிய தீர்ப்பு. நூறு வருஷத்துக்கு முன் குத்தகைக்காரன் வைரக்கண்ணுவைக் கோர்ட்டில் பெயர் சொல்லி அழைத்தும் அவன் வரவில்லையாம். அதனால் பாத்தியதை போயிற்றாம். அதைக் காட்டித்தான் மிராசுதார் இப்போது அவன் பேரப்பிள்ளைகளை நிலத்தைவிட்டு வெளியேற்றப் பார்க்கிறார்.

அவனைக் குறிக்கும் 'தெஃபயான்' என்ற சொல்லுக்குச் சரியான இங்கிலீஷ் அகப்படவில்லை. 'டிஃபால்ட்டர்' என்றால் பணம் கட்டாதவன் என்றாகிவிடும். அந்த வரியை வைரக்கண்ணுவின் பெயரோடு மறுபடி மறுபடி உரக்கப் படித்தார். கடைசியில், 'அழைத்தும் ஆஜராகவில்லை' என்று இங்கிலீஷில் அடித்தார்.

கொல்லைப்புறத்திலிருந்து மனைவி லூர்து குரல் கொடுத்தாள்.

"ஏங்க, யாரோ வைரக்கண்ணுவாம். நீங்க கூப்பிட்டீங்களாமே?"

சவரிராயனின் விரல்கள் மெஷின்மேலேயே நின்றுவிட்டன.

"என்ன வேணுமாம்?"

"ஆத்துல வெள்ளமாம். நீந்தி வர்றதுக்குள்ள நேரமாயிடுச்சாம். கோர்ட்டு கலைஞ்சிடுச்சான்னு கேக்குறாரு."

சன்னலுக்கு வெளியே, சித்திரை வெயிலில், காவிரியில் மணல் பறந்துகொண்டிருந்தது. நேற்றுத்தான் அதில் செருப்போடு நடந்து அக்கரைக்குப் போய்வந்திருந்தார்.

"லூர்து, கதவைச் சாத்து!" என்றார்.

"பாவங்க, தலையெல்லாம் பாசி. தொடச்சிக்கத் துண்டு குடுத்து அப்பவே உள்ள அனுப்பிட்டேனே. இன்னுமா வரல?"

மெஷினில் இருந்த காகிதத்தில், கடைசியாக அடித்த வரியின்மேல், ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.