சிரிக்க வேண்டிய ஷாட்

தொண்ணூறுகளில் வந்த ரவுடிப் படங்களில் எதையெல்லாம் பார்த்தே ஆக வேண்டும் என்று என் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நண்பர்களுக்குப் பாடமெடுத்துக்கொண்டிருந்தான் லெனின். போனைத் திருப்பிக் காட்டினான். மாடியிலிருந்து ஒருவன் சாக்கடையில் வந்து விழுந்தான். “அப்போல்லாம் எல்லாமே ஒரிஜினல் மச்சி. பொணமா நடிக்கிறான் பாரு, கண்ணைக்கூட சிமிட்டல. இதைப் பாக்காம செத்துடாதீங்கடா.” சாக்கடையில் கிடந்தது என் அண்ணன் மாசிலாமணி. பிணமாக நடித்தவரை, கட் சொன்னதும் கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரிக்கச் சொல்வது சினிமாக்காரர்களின் வழக்கம். சிரிக்காவிட்டால் நடித்தது பலித்துவிடுமாம். அன்றும் எல்லோரும் கைதட்டிவிட்டு, “சிரிப்பா மாசி” என்று கேமராவை ஓடவிட்டார்கள். ஃபிலிம் தீரும்வரை அது ஓடியது. பாவிகள், அதை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டு, விழுந்ததைப் படத்தில் வைத்துக்கொண்டார்கள். லெனின் அதே இடத்தை மறுபடி ஓட்டினான். “என்னா நடிப்பு!” கொதிக்கிற டீயை அவன் போன்மேல் கவிழ்த்தேன். “அக்கா, லூசா நீ?” என்று கத்தினான்.

“நடிச்சிருந்தா சிரிச்சிருப்பான்டா.”