எழுபத்து மூன்றாம் பாட்டு

ஏழு என்ற அட்டையைப் பலகையில் செருகிவிட்டு, மூன்றுக்காகக் கேட்காரர் கையை நீட்டினார். கீழே நின்ற மனைவி கொடுக்கவில்லை.

ஞாயிறு காலை. ஆலயத்தில் இன்னும் ஈ காக்கை இல்லை. அன்றைக்குப் பாடப்போகிற பாட்டுகளின் எண்களை முன்சுவரில் மாட்டுவது கேட்காரர் வேலை. ரயில்வே கேட்டில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவர். அந்த வேலை பறிபோய், சிறைக்கும் போய்த் திரும்பியவருக்குப் போதகர் மனமிரங்கிக் கொடுத்த வேலை இது. பெயர் மட்டும் போகவில்லை, இன்னும் கேட்காரர்தான்.

வேறு பாட்டு போடச் சொல்லிப் போதகரிடம் கேளுங்கள் என்றாள் அவள். எழுபத்து மூன்று என்றாலே அவளுக்கு வயிறு எரியும். அதிலும் இன்றைக்கு அந்த ரயில்வே சிக்னல் கேபின்காரருக்கு நன்றி ஆராதனை. முப்பது வருட வேலையிலிருந்து பேரோடும் புகழோடும் ஓய்வு பெறுகிறாராம். இன்றைக்குப் பார்த்தா இந்த எண்?

"அந்தப் பாட்டு என்ன பாவம் பண்ணுச்சு? கொடு."

கொடுத்தாள். கொடுக்காமல் என்ன செய்வது, அவர் ஸ்டூலிலேயே நின்றுகொண்டிருப்பார்.

நடந்தது இதுதான். ரயில் வருமுன் சிக்னல் கேபினிலிருந்து கேட்டுக்குப் போன் வரும். கேட்டைச் சாத்திவிட்டேன் என்று கேட்காரர் சொல்லி, கூடவே வாய்க்கு வந்த ஒரு இரண்டிலக்க எண்ணையும் சொல்ல வேண்டும். கேபின்காரர் அதை நோட்டில் எழுதுவார். பேசியதற்கு அந்த எண்தான் அத்தாட்சி.

அன்றைக்குப் போனே வரவில்லை. கேட் திறந்தே கிடந்தது. பால் வேன் ஓட்டி வந்தவர் தண்டவாளத்திலேயே உயிரை விட்டார்.

ஆனால் கேபின் நோட்டில் எழுபத்து மூன்று என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. அதற்கப்புறம் மனுஷன் பேச்சு எங்கே எடுபடும்? கேபின்காரர் கூண்டில் ஏறி, வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சாட்சி சொன்னார். கேட்காரருக்கு ஒன்றரை வருடம் கிடைத்தது.

அவள் கணவரை விட்டுக்கொடுக்கவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் சண்டை போட்டாள். ஆனாலும் ஒரே ஒரு முள் உள்ளே தைத்துக்கொண்டே இருந்தது.

கோர்ட்டில் அந்த எண்ணை வாசித்தபோது, அதுவரை நிமிர்ந்து நின்றவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். தப்பு பண்ணினவன்தானே குனிவான் என்று சபையே பேசியது. ஏன் குனிந்தீர்கள் என்று சிறைக்கு அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கேட்டாள். கேபின்காரனுக்காக ஜெபம் பண்ணு என்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருவேளை போன் வந்திருக்குமோ? அசதியில் எண்ணைச் சொல்லிவிட்டு மறந்திருப்பாரோ?

அப்படி நினைத்த நாளிலிருந்து அவளால் பாட முடியவில்லை. வாராவாரம் வருவாள், கடைசி பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்காருவாள், வாயைத் திறக்கமாட்டாள்.

மணி அடித்தது. ஆலயம் நிரம்பியது. கேபின்காரர் குடும்பத்தோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்தார், பலகைக்கு நேர் எதிரே. முதல் பாட்டு முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. அவர் கைக்குட்டையால் பிடரியைத் துடைப்பதும் நிமிர்ந்து பலகையைப் பார்ப்பதுமாக இருந்தார். பின்னாலிருந்து அவள் அதை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் பாட்டான எழுபத்து மூன்றுக்கு முன்னால், கடவுள் நடத்திவந்த விதத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல வருமாறு போதகர் அவரை அழைத்தார். அங்கேயும் சாட்சி, இங்கேயும் சாட்சியா என்று அவள் பல்லைக் கடித்தாள்.

கேபின்காரர் எழுதி வைத்திருந்த தாளோடு எழுந்து வந்தார். பலகையருகே நின்றார். தாளைப் பிரித்தார். திரும்ப மடித்தார். போதகர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார், அதையும் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"கேட்காரர் எனக்கு எந்த நம்பரும் சொல்லல. நான் போன் பண்ணவே மறந்துட்டேன். பயத்துல நோட்டைத் திறந்தா, ஒரு நம்பரும் தோணல. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை அவரும் நானும் ஒரே புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு இந்தப் பாட்டைப் பாடினோம். அந்த நம்பர்தான் வந்துச்சு. எழுதிட்டேன்."

கேபின்காரர் மனைவி முதல் பெஞ்சில் முகத்தை மூடிக்கொண்டாள்.

கேட்காரர் மனைவிக்கு இப்போதுதான் விளங்கியது. அப்படியானால் கோர்ட்டில் அந்த எண் காதில் விழுந்த கணத்திலேயே இவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கிருந்து எடுத்தான் என்பதுவரை தெரிந்துவிட்டது. சொல்லியிருந்தாலும் யார் நம்பியிருப்பார்கள்? அந்தப் பாட்டை இவரும்தானே பாடினார், இவரே சொன்ன எண்தான் என்றிருப்பார்கள். ஆனால் கட்டின பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கலாமே!

கேட்டுவிடலாம் என்று திரும்பினாள்.

கேட்காரர் தலை குனிந்திருந்தார். கண் மூடியிருந்தது. உதடுகள் ஜெபத்தில் மெல்ல அசைந்துகொண்டிருந்தன, முன்னால் டம்ளரோடு நிற்கிறவருக்காக.

அன்றைக்குக் கோர்ட்டில் அவள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவருடைய முதுகைத்தான் பார்த்தாள்.