பத்துக்குப் பன்னிரண்டு

நான்கு மணி நேரம் பதினேழு நிமிடம். ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் கடையின் டெமோ அறையில் நடு நாற்காலியை அவள் கணவன் அவ்வளவு நேரமும் யாருக்கும் விடவில்லை.

ஒலி சரியாக வந்து சேரும் இடம் அது ஒன்றுதானாம். அவளுக்கு ஓரத்தில் ஒரு ஸ்டூல்.

கண்ணை மூடி, தலையைச் சற்றே சாய்த்து, இரண்டு விரல்களைத் தாடையில் ஊன்றி அவன் கேட்கும் தோரணையைப் பார்த்தால் ஒலியைக் கண்டுபிடித்ததே அவன்தான் என்று தோன்றும். வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று கேட்டால் மட்டும் தெரியாது.

இந்த ஞானம் மூன்று மாதத்துச் சரக்கு. யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டுவிட்டு, மறுநாள் பல் தேய்க்கும்போது தன் கருத்தாகச் சொல்வான். இது இறுக்கமாக இல்லை, அது மினுமினுக்கிறது, இதில் காற்றோட்டம் போதாது. ஜவுளிக் கடையில் பேச வேண்டிய பேச்சு.

கடைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். இவனைப் போல நூறு பேரைப் பார்த்த பொறுமை முகத்தில் இருந்தது. முதலில் அறையின் அளவைக் கேட்டார். பத்துக்குப் பன்னிரண்டு, ஒரே ஜன்னல், பகலிலேயே இருட்டாக இருக்கும் என்று கணவன் பெருமையாகச் சொன்னான்.

அந்த அறை.

புது வீட்டில் படியேறாமல் போகக்கூடிய படுக்கையறை அது ஒன்றுதான். குளியலறை ஒட்டியே இருந்தது. முட்டி ஆபரேஷன் ஆகி, லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் அவளுடைய அப்பாவுக்கு என்று, வீடு பார்த்த அன்றே இருவரும் பேசி முடித்த அறை. அவளும் கையெழுத்துப் போட்டு வாங்கிய வீடு. அன்றைக்குத் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டியவன் இவன்தான்.

பிறகு வீடியோக்கள் வந்தன. அறை தியேட்டர் ஆகிவிட்டது.

மாமனாருக்கு ஹாலில் ஒரு கட்டில் போட்டால் போதுமாம். வயதானவர்களுக்கு நாலு பேர் நடமாட்டம் கண்ணில் பட்டால்தான் மனசுக்குத் தெம்பாம். வேட்டியைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடக்கிற மனிதர், வருவோர் போவோர் பார்க்க நடு ஹாலில். அதையும் ஓர் உபகாரம் போலச் சொன்னான்.

அவள் சண்டை போட்டாள். இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். சங்கின் தரத்தைப் பற்றி வேண்டுமானால் அவன் அபிப்பிராயம் சொல்லியிருப்பான்.

இந்த வாரம் வாயை மூடிக்கொண்டாள். சனிக்கிழமை காலையிலேயே கடைக்குப் போகலாமா என்று அவளே கேட்டாள். இப்போதுதான் உனக்கு ரசனை வந்திருக்கிறது என்று தோளைத் தட்டினான்.

மூன்றாவது செட்டில் கடைக்காரர் ஒரு மழைக் காட்சியை ஓட்டினார். கணவன் கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தினான்.

"பின்னாடி பெய்யுது பாரு. சொட்டுச் சொட்டா, தனித்தனியா விழுது. இந்த வித்தியாசமெல்லாம் சாதாரணக் காதுக்குப் பிடிபடாது."

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பின் ஸ்பீக்கர்களுக்கு அவர் இன்னும் வயரே மாட்டியிருக்கவில்லை. ஏசியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

அவர் ஓசைப்படாமல் போய் வாளிக்குள் ஒரு துணியைப் போட்டார். சொட்டுச் சத்தம் நின்றது. போகப் போக இந்த செட் சோர்ந்துவிடுகிறது என்று கணவன் குறை சொன்னான்.

அத்தோடு எழுந்திருப்பான். பசி வந்துவிட்டது, கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவள்தான் விடவில்லை.

"இவ்வளவு தூரம் வந்துட்டு அவசரப்படாதீங்க. மிச்சம் ரெண்டையும் கேட்டுடுங்க. உங்க காதுக்குத் தெரியாததா?"

அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவள் வெளியே போய் டீயும் பன்னும் வாங்கி வந்து அவன் மடியில் வைத்தாள். மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

கடைக்காரரின் பார்வை மாறியது. அதுவரை அவள்மேல் இருந்த இரக்கம் போய்விட்டது. கொம்பு சீவி விடுவதே இவள்தானா என்பதுபோல ஒருமுறை பார்த்துவிட்டு ரிமோட்டை எடுத்தார். அவளுக்கு விளக்கம் சொல்லத் தோன்றியது. மடியிலிருந்த போனை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

நாலாவது முடிந்தது. ஐந்தாவது முடிந்தது. முதலாவதை இன்னொரு தடவை கேட்டால் தெளிவாகிவிடும் என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். முதலாவதைக் காலையில் தகர டப்பா என்றவன், இப்போது அதில் ஆழம் தெரிகிறது என்றான்.

அவள் மடியிலிருந்த போன் அதிர்ந்தது. தம்பி. ஒரே ஒரு வார்த்தை அனுப்பியிருந்தான். படித்துவிட்டுப் பைக்குள் போட்டாள். அன்றைக்கு முதல் முறையாக ஸ்டூலில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். போதும், இதையே எடுத்துவிடுங்கள் என்றாள்.

கடைக்காரர் நோட்டை விரித்தார். நாளைக்கே ஆள் வந்து சுவரில் ஓட்டை போட்டு மாட்டிவிடுவார்களாம். தூசி பறக்குமாம், உள்ளே சாமான் இருந்தால் வேலை ஓடாதாம்.

"ரூம் காலியாத்தான சார் இருக்கு?"

கணவன் வாயைத் திறந்தான். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள். குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் டெமோ அறை. எந்தச் சத்தத்தையும் வீணாக்காது.

"இல்லீங்க. இவர் இங்க உட்கார்ந்திருந்த நேரத்துல, என் தம்பி வேன் வச்சு சாமானையெல்லாம் கொண்டுவந்து இறக்கிட்டான். எங்கப்பா இப்ப அந்த ரூம்லதான் படுத்துத் தூங்கிட்டிருக்கார்."