மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள்

"வீட்டுல நீங்க தனியாத்தான் இருக்கீங்களா, மேடம்?"

"ஆமா சார். அவர் போய்ச் சேர்ந்துட்டார்."

"ரொம்ப சாரி, மேடம்."

"பரவாயில்ல சார். குறட்டை தாங்க முடியல. இப்பதான் நிம்மதியாத் தூங்குறேன்."

எதிரே உட்கார்ந்திருந்தவர் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"டோரதி, விளையாடாத. ஒழுங்கா பதில் சொல்லு."

அவர் என் கணவர் லாயிட்.

ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போட்டுப் போன சட்டையைக்கூட மாற்றவில்லை. காக்ஸ் டவுன் வீட்டின் சாப்பாட்டு மேசையில், என்னைத் தனியாக வாழும் ஒரு பெண்ணாக நடிக்கச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அன்றுதான் என்னை 'நீங்க' என்றார்.

பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் அவர் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். அங்கே ஒரு விதி உண்டு. அடியில் ஒருவர் பிடித்துக்கொள்ளாமல் யாரும் ஏணியில் ஏறக் கூடாது. எவ்வளவு அவசரமானாலும் சரி.

அந்த விதியிலிருந்துதான் அவருக்கு யோசனை வந்தது. இந்த ஊரில் எத்தனையோ பேர் தனியாக இருக்கிறார்கள். அவர்களுடைய ஏணியை யார் பிடிப்பது? கட்டிலை நகர்த்த வேண்டும், மெத்தையைத் திருப்பிப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் தேவை. போன் செய்தால் வந்து, பிடித்துவிட்டுப் போவார். அவ்வளவுதான் வியாபாரம்.

ஆரம்பிப்பதற்கு முன் வாடிக்கையாளர்களிடம் பேசிப் பார்க்க வேண்டும் என்று ஏதோ வீடியோவில் கற்றிருந்தார். நம் யோசனையை அவர்களிடம் சொல்லக் கூடாதாம். 'வாங்குவீங்களா' என்றும் கேட்கக் கூடாதாம். மனம் நோகக் கூடாதென்று எல்லோரும் ஆமாம் சொல்லிவிடுவார்களாம். கடைசியாக என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்க வேண்டும். பிறகு, ஏன் என்று கேட்க வேண்டும்.

வெளியாட்களிடம் போவதற்கு முன் என்னிடம் ஒத்திகை. இது சரியாக வந்தால் திங்கட்கிழமை வேலையை விடுவதாகச் சொல்லிவிடுவார். எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது அந்த ஒரு சம்பளம்தான்.

அதனால் நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கடைசியா உங்க வீட்டுல பல்ப் போனப்ப என்ன பண்ணீங்க, மேடம்?"

எலெக்ட்ரீஷியன் வரவில்லை, பக்கத்து வீட்டில் கேட்கக் கூச்சமாக இருந்தது, நானே ஏறி விழப் பார்த்தேன். இப்படி ஏதாவதுதான் அவருக்கு வேண்டிய பதில் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அந்தப் பெண் எப்படி இருப்பாள் என்று பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

வந்துவிட்டாள். எங்கள் ஹாலில், எங்கள் பிரம்பு நாற்காலியில், அந்த உயரமான கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணும் பண்ணல, சார்."

"ஒண்ணும் பண்ணலன்னா? இருட்டுலயா இருக்கீங்க?"

"இந்த ரூம் லைட் ஹாலுக்கும் கொஞ்சம் வருதே. போதும்."

"ஏணி இல்லையா?"

"இருக்கு."

"புது பல்ப்?"

"வாங்கி வெச்சிருக்கேன்."

"பக்கத்துல ஆளுங்க?"

"கூப்பிட்டா உடனே வருவாங்க."

"அப்புறம் ஏன்டி மாத்தல?"

மேடம் போய், மறுபடி நான் டோரதி ஆகியிருந்தேன்.

நான் விளையாடவில்லை. அவளைக் கேட்டுப் பார்த்தேன். அவள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல," என்றேன்.

லாயிட் மேசையைத் தட்டிச் சிரித்தார். "மாதாவே! இப்படி ஒரு கஸ்டமர் ஊர்லயே இருக்க மாட்டா."

சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஏணி இருக்கு, பல்ப் இருக்கு, ஆளும் இருக்கு. ஆனா கூப்பிட மாட்டா. இவள நம்பி நான் வேலைய விடணுமா?"

எழுந்துகொண்டார். "சரி, வா. நம்ம வீட்டு ஏணியப் பிடி."

ஹால் பல்ப் உண்மையிலேயே அன்று காலையிலிருந்து மினுக்கிக்கொண்டிருந்தது. தொழிற்சாலை விதிப்படி, கீழ்ப்படியில் ஒரு காலை வைத்து, இரண்டு கையாலும் பிடித்தேன். அவர் மேலே போய், புது பல்பைப் பூசைச் சட்டையின் முனையால் துடைத்து மாட்டினார்.

"எல்.இ.டி. பல்புடி. நம்ம ரெண்டு பேரையும் தாண்டி எரியும் பாரு," என்று மேலிருந்து சொன்னார்.

திங்கட்கிழமை வழக்கம்போல பீன்யாவுக்குக் கம்பெனி பஸ் ஏறினார். வேறு யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அவர் சொன்னதில் பாதி நடந்தது.

ஏணியிலிருந்து விழுந்தெல்லாம் இல்லை. ஒரு விடியற்காலையில் குறட்டை நின்றதால்தான் எனக்கு விழிப்பு வந்தது.

பல்ப் அதன் பிறகும் எரிந்தது. இந்தத் தவக்காலத்தின் தொடக்கத்தில்தான் போனது. புதியது ஒன்று வாங்கி மேசைமேல் வைத்திருக்கிறேன். ஏணி கதவுக்குப் பின்னால் இருக்கிறது. மாடியில் குடியிருக்கும் கேரல் இறங்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறாள். "ஆன்ட்டி, எங்க வீட்டுக்காரர அனுப்பட்டா? ரெண்டு நிமிஷ வேலை."

நாளைக்கு ஆகட்டும் என்கிறேன்.

பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சாப்பாட்டு அறை விளக்கின் வெளிச்சம் கொஞ்சம் வருகிறது. போதும்.

வேலையை விடாமல் இருந்தீர்களே லாயிட், அது சரிதான். உங்கள் கஸ்டமர் இன்னும் யாரையும் கூப்பிடவில்லை.

ஏன் என்று கேட்டீர்கள்.

புதியதைப் போட வேண்டுமென்றால், முதலில் நீங்கள் மாட்டியதைக் கழற்ற வேண்டும்.