தும்மலுக்கு ஒரே கோப்பு

தும்மினால் கஷாயம், காய்ச்சலடித்தால் லீவு, ஆள் போய்ச் சேர்ந்தால் பேனர் என்று வீட்டைத் தானாக இயக்கும் கணினி நிரல்கள் அறைக்கு அறை சிதறிக் கிடந்தன. பூங்கோதை அவற்றை ஒரே கோப்பில் வரிசையாக அடுக்கினாள். ஒன்று முடிந்ததும் அடுத்ததற்குப் போகாமல் எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் எழுதவில்லை.

மறுநாள் காலை அவள் கணவன் திருமாறன் தும்மினான். கஷாயம் வந்தது. ஆபீசுக்கு லீவு போனது. வாசலில் அவன் சிரித்த முகத்தோடு 'கண்ணீர் அஞ்சலி' பேனர் விரிந்தது.

எதிர்வீட்டு ஜெயசீலன் மாலையோடு ஓடி வந்தார்.

"என்னப்பா, குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கே?"

மாலையின் வாசம் திருமாறன் மூக்கில் ஏறியது. "மூச்சை அடக்குங்க!" என்று பூங்கோதை கத்துவதற்குள் அவன் மறுபடியும் தும்மிவிட்டான். வீடு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

ஜெயசீலன் போனில் பதினாறாம் நாள் காரியப் பத்திரிகை வந்து விழுந்தது. படித்ததும் முகம் மலர்ந்தார்.

"மத்தியானம் சாப்பாடும் உண்டா? அப்போ நான் வந்துடறேன்ப்பா."